கூப்பிடாத சாட்சி

செயலாளர் மாத்தயா கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கியபோது நல்ல வெயில். அவரோ காதை மூடிய கம்பளிக் குல்லாவும் கழுத்து வரை பொத்தான் போட்ட தடித்த கோட்டுமாக இறங்கினார். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை இதைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். மலையென்றால் எந்நேரமும் உறைந்துபோய்க் கிடக்கும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். காலில் மட்டும் ஆபீசுக்குப் போடுகிற தோல் சப்பாத்து. ரயில் பாதையில் சல்லிக்கல் மேல் நடப்பதற்கென்றே கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த மனிதர் அவர். அந்தச் சப்பாத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவர் விமான நிலையத் தரைப்பணி ஊழியர்களின் யூனியன் செயலாளர். சிங்களவர், மாத்தயா என்றால் அவர்கள் மொழியில் ஐயா. இளவயதில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். கூட வேலை செய்த தமிழ் ஆட்களிடமிருந்து கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார். நான் அங்கே விமானத்துக்குள் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தேன். பயணிகள் இறங்கிப் போனதும் நாங்கள் ஏறுவோம், அடுத்த பயணிகள் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். ஒரு பயணியின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. கை வைத்தால் சீட்டில் இன்னும் சூடு இருக்கும், அவ்வளவுதான். இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்து போன இடத்தில் குனிந்து குப்பை பொறுக்கும்போது ஒரு தனிமை வரும் பாருங்கள், அதை நான் வேறெங்கும் உணர்ந்ததில்லை. எங்களுக்குச் சம்பளம் கொடுத்தது விமானக் கம்பெனிகூட அல்ல, ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு கொன்ட்ராக்ட் கம்பெனி.

எனக்கிருந்த ஒரே துணை மஸ்கெலியாப் பிள்ளை. மஸ்கெலியா ஊர்க்காரி, என்னைவிட இளையவள். அதே வேலை, அதே போர்டிங், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவளுடைய அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். இரண்டு தம்பிகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் உலை கொதிப்பது அவள் வேலையை நம்பித்தான். தூக்கத்தில்கூட கணக்குப் போடுகிறவள் என்று அவளைக் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே தலையணையால் அடிப்பாள்.

அந்த வருடம் தீபாவளிக்கு அம்மாவைப் பார்க்கக் கொட்டகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே ரோடு சரிந்து போனது, ரயில் ஓடவில்லை, கரண்ட் இல்லை. மேட்டிலிருக்கும் கோயில் பக்கம் ஏறிப்போனால்தான் போனில் சிக்னல் கிடைத்தது. சாகப்போகிற பேட்டரியை வைத்துக்கொண்டு ஒருவருக்குத்தான் பேசலாம் என்ற நிலையில், சுப்பவைசருக்குப் பேசாமல், மழைக்கு முதல் நாளே வேலைக்குத் திரும்பிவிட்ட மஸ்கெலியாப் பிள்ளைக்குப் பேசினேன். “ரோடு தெறந்ததும் வந்துர்றேன், சுப்பவைசர்கிட்ட சொல்லிரும்மா” என்றேன்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். தோட்டத்தில் அதுதான் வழக்கம். ஒருத்தி வேலைக்கு வர முடியாவிட்டால், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் போதும். கணக்கப்பிள்ளை தலையை ஆட்டுவார், விஷயம் முடிந்தது. நேராகப் பெரியவர்களுக்குப் போன் போட்டுப் பேச எங்களுக்கு நாக்கு எழாது. அதுவும் சிங்களத்தில். என்னுடைய சிங்களம் முகம் பார்த்துப் பேசினால் ஓடும், போனில் நொண்டும். அம்மா பிறந்து வளர்ந்த முறையிலேயே நான் ஆளனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

மழை விட்டதும் ரயில் பாதையிலேயே ஹட்டனுக்கு நடந்து, கிடைத்த பஸ்களில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். கேட்டில் என் பாஸை வாங்கிக்கொண்டார்கள். அறிவிக்காமல் வேலையைக் கைவிட்டுப் போய்விட்டேனாம். சுப்பவைசர் என் முகத்தைப் பார்க்காமலே, “எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை” என்றார். அன்று போர்டிங்கில் மஸ்கெலியாப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் சொன்னேங்கா. அவரு சரின்னு தலையாட்டுனாரு. சாமி சத்தியமா சொன்னேன்.” எனக்கு அவள்மேல் ஒரு துளி சந்தேகமும் இல்லை.

தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். “நம்ம சங்கம் தோட்டத்துத் தொரைகிட்டதான் பேச முடியும் புள்ள, பிளேன்காரன்கிட்ட எப்படிப் பேசுறது?” என்று கைவிரித்தார். விமான நிலைய யூனியனில் எங்களைப் போன்ற கொன்ட்ராக்ட் ஆட்கள் உறுப்பினர்களே இல்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. செயலாளர் மாத்தயா மட்டும்தான் முழுக் கதையையும் உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு, தொழில் நியாயசபையில் வழக்கும் போட்டார். கூலிக்கு வந்த பிள்ளைகளுக்காக நாம் ஏன் சண்டைக்குப் போகவேண்டும் என்று அவருடைய ஆட்கள் சிங்களத்தில் முணுமுணுத்தது எனக்கு நன்றாகவே புரிந்தது. அவருக்கும் அது புதிதல்ல போலும். எழுந்து போய் எனக்கு ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

நான் நடந்த பாதையைத் தானும் நடந்து பார்க்கவேண்டும் என்றுதான் அவர் கொட்டகலைக்கு வந்தார். வேலையை விட்டு ஓடுகிறவள் மண்சரிவைத் தாண்டி நடந்து வரமாட்டாள், அதைத் தன் கண்ணால் கண்டு வழக்கில் சொல்லவேண்டும் என்றார். சல்லிக்கல்லில் தடுக்கித் தடுக்கி நடந்தார். பாதி வழியில் குல்லாவைக் கழற்றிப் பையில் திணித்தார். ஹட்டனுக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கம் வரும். உள்ளே போகப் போக, பின்னால் இருந்த வெளிச்சம் மறைந்து, முன்னால் வெளிச்சம் இன்னும் தெரியாத ஓர் இடம் இருக்கிறது. மேலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அங்கே நின்றுதான் கேட்டார்.

“பிள்ள, நீ சொல்லி அனுப்பினது யாருகிட்ட?”

அதுவரை பெயரைச் சொல்லாமலே வைத்திருந்தேன். இருட்டில் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் அதே சுப்பவைசருக்குக் கீழே வேலை செய்கிறாள் என்பதையும், அவளுடைய அப்பாவைப் பற்றியும் சொன்னேன். அவர் நடக்கத் தொடங்கினார். சப்பாத்துச் சத்தம் மட்டும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

வெளிச்சத்துக்கு வந்த பிறகு நின்றார். “அந்த நங்கி, தங்கச்சி, வந்து சொன்னா நம்ம கேஸ் வெல்லலாம். ஆனா அடுத்த நாள் அவ வேல போகும். ஒரு ஆள் உள்ள எடுக்க இன்னொரு ஆள் வெளிய போடுறதா? அது கம்பெனி செய்ற வேல. நாங்க செய்ய வேணாம். சரியா?”

“சரிங்க மாத்தயா” என்றேன். எனக்குச் சரியாக இருக்கவில்லை. அவருக்கென்ன, வேலை இருக்கிறது, பென்ஷன் வரும் என்று மனசுக்குள் பொருமினேன். ஆனால் அந்தப் பிள்ளையின் தம்பிகள் கண்முன் வந்து நின்றார்கள். வழக்கு முடியும் வரை அவளோடு பேசவேண்டாம் என்றும் சொன்னார், பேசினால் கம்பெனிக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்களாம். அதனால் அவளுடைய போன் வந்தாலும் நான் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

நியாயசபையில் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு தவணைக்கும் ஹட்டனிலிருந்து பஸ் ஏறுவேன். யூனியன் பக்கத்து வாங்குப் பலகையில் அவரும் நானும் மட்டும் உட்கார்ந்திருப்போம், அவருடைய ஆட்கள் ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை. என்னைக் கூண்டில் ஏற்றிய நாளில் கம்பெனிச் சட்டத்தரணி மிக மரியாதையாகக் கேட்டார். கையில் போன் இருந்ததல்லவா? வர முடியாது என்று யாரிடமாவது சொன்னீர்களா? மொழிபெயர்ப்பாளர் தமிழில் திருப்பிச் சொல்லி முடிக்கும் வரை எனக்கு நேரம் இருந்தது. செயலாளர் மாத்தயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை, யாரிடமும் சொல்லவில்லை” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு, சல்லிக்கல்லையும் சுரங்கத்தையும் பற்றி அவர் எவ்வளவு பேசியும் எடுபடவில்லை. தகவல் தராமல் வேலையைக் கைவிட்டவள் என்றே தீர்ப்பாயிற்று. வெளியே வந்து இருவரும் பஸ்ஸுக்காக நின்றோம். அவர் ரோட்டில் இறங்கி பஸ் வருகிறதா என்று பார்த்தார். அடுத்த யூனியன் தேர்தலில் அவரைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இப்போது நான் ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், நான் மட்டும்தான். போன தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் கூட்டம் தள்ளுகிறது, மடித்த சேலையை விரித்துக் காட்டிவிட்டு நிமிர்ந்தால் எதிரே மஸ்கெலியாப் பிள்ளை நிற்கிறாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். லீவில் வந்தாயா என்று கேட்டேன்.

“இல்லக்கா. நான் அந்த வேலைய விட்டு ரொம்ப நாளாச்சு. மஸ்கெலியாவுல ஒரு பேக்கரியில இருக்கேன்.”

ஏன் விட்டாய் என்று கேட்டேன். சேலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்.

“ஒங்க கேஸுக்கு என்னக் கூப்பிடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேங்கா. வீட்டுலகூட சொல்லிட்டேன், வேல போனாப் போகட்டும், அக்காவுக்காகப் போயிச் சொல்லிட்டு வந்துர்றேன்னு. அப்பாவும் சரின்னாரு. யாருமே கூப்பிடல. நீங்களும் போன எடுக்கல. என்ன நம்பலன்னு நெனச்சுக்கிட்டேன். கேஸ் தோத்துருச்சுன்னு தெரிஞ்ச பொறகு அந்த சுப்பவைசர் மூஞ்சிய எப்படிக்கா தெனம் பாக்குறது? அந்த வாரமே வந்துட்டேன்.”

சுரங்கத்தில் நடந்ததைச் சொல்லி, உன்னை நம்பாமல் இல்லை என்று அவளுக்குப் புரியவைத்தேன். கேட்டுக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். வேலை போகக்கூடாது என்று காப்பாற்றி வைத்த பிள்ளைக்கு அந்த வேலையே வேண்டியிருக்கவில்லை. அதை அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று செயலாளர் மாத்தயாவுக்கும் எனக்கும் தோன்றவே இல்லையே என்று இன்றைக்கும் மனம் ஆறவில்லை. முதலாளி முறைத்துப் பார்க்கவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலையைப் பொதி செய்து கொடுத்தேன்.

செயலாளர் மாத்தயா வருடம் தவறாமல் சித்திரைப் புத்தாண்டுக்கு எனக்குப் போன் செய்வார். மனைவி இறந்த பிறகு நீர்கொழும்புப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். காது சரியாகக் கேட்பதில்லை, அதனால் கத்திப் பேசுவார். இந்த வருடமும் கூப்பிட்டார். மழை எப்படி, உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு, கடைசியில் எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

“அந்த நங்கி இன்னும் அங்க வேல செய்றதுதானே?”

போன வருடம் வரைக்கும் எனக்கே தெரியாமல்தான் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை தெரிந்திருந்தது. “செய்றா மாத்தயா, இப்ப பெர்மனன்ட் பண்ணிட்டாங்களாம்” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையை நிரந்தரமாக்கிவிட்டார்களாம் என்று சிங்களத்தில் யாருக்கோ உரக்கச் சொல்வது கேட்டது. அந்த வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை.