டாக்டரிடம் புலம்பாதே

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். குப்பை லோரி வரும் நாள் என்பதால் இரண்டு பைகளையும் கட்டி வாசலில் வைத்தேன். குளித்து, கொண்டை போட்டு, சாமி விளக்கை ஏற்றி, மதியத்துக்கு மீஹூன் அரிசிச் சேமியா பிரட்டி டப்பாவில் அடைத்தேன். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. அன்று அரைநாள் விடுப்பு.

எட்டேகாலுக்கு தெலுக் பங்லிமா காராங்கில் தம்பி வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்திருந்த அவன் மனைவி, தூக்கக் கண்களோடு அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

பதினேழு மாதங்களுக்கு முன், பந்திங் சாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவனைச் சந்திலிருந்து திரும்பிய கார் ஒன்று அடித்தது. வலது இடுப்பிலும் முட்டியிலும் எலும்பு முறிந்தது. அவன் லோரி ஓட்டுநர். அதன்பிறகு ஓட்டவில்லை.

அவன் நஷ்டஈட்டு வழக்கைப் பார்க்கும் வக்கீலின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படிகள். தம்பி ஏறி முடிக்க ஆறு நிமிடம் ஆனது. வக்கீல் முப்பதைத் தாண்டாத பெண். அடித்த காரோட்டியின் இன்சூரன்ஸ் காப்புறுதி நிறுவனம் தருவதாகச் சொல்லும் தொகை முந்தைய நாள் கடிதத்தில் வந்திருந்தது.

"அண்ணே, ஒவ்வொரு காயத்துக்கும் இவ்வளவிலேர்ந்து இவ்வளவுன்னு ஒரு புக் இருக்கு. கோர்ட்டு அதைத்தான் பார்க்கும். முட்டிக்கு ஒண்ணு, இடுப்புக்கு ஒண்ணு, தழும்புக்கு ஒண்ணு."

"பாசார்ல மீன் வாங்குற மாதிரி," என்றான் தம்பி. "தலை தனி விலையா?"

"தலைதான்ணே ரொம்ப விலை. உங்களுக்கு அங்க அடிபடல."

"அதான் நம்ம ராசி லா."

மூவரும் சிரித்தோம். அன்று சிரித்தது அந்த ஒரு முறைதான்.

காயங்களுக்குக் கிடைப்பது பெரிதல்ல, இனி வராத சம்பளத்துக்குக் கிடைப்பதுதான் பெரிது என்று அவள் விளக்கினாள். அறுபதிலிருந்து, விபத்து நடந்தபோது இருந்த வயதைக் கழிக்க வேண்டும். மீதியை இரண்டால் வகுக்க வேண்டும். தம்பிக்கு அப்போது நாற்பத்து நான்கு. ஆகவே எட்டு ஆண்டுச் சம்பளம், அவன் சொந்தச் செலவு போக. நான் குறித்துக்கொண்டேன். ஒருவன் உழைக்கக்கூடிய காலம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

"அந்த எட்டு வருஷத்தைத்தான் அவங்க ஒத்துக்கல," என்றாள். "அவங்க ஏற்பாடு பண்ண டாக்டர், நீங்க லோரி ஓட்டலாம்னு எழுதிட்டாரு."

அறிக்கையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தாள். துணையின்றி நடந்து வந்தார். வலி கொஞ்சம்தான், தாங்கிக்கொள்ளலாம் என்கிறார். வேறு குறை எதுவும் சொல்லவில்லை.

"இப்படியா சொன்னீங்க அண்ணே?"

நான்தான் பதில் சொன்னேன். ஆமாம், அப்படித்தான் சொன்னான். நானும் அந்த அறையில் இருந்தேன்.

ஜனவரி மாதம் அந்தப் பரிசோதனைக்கு அவனை அழைத்துப் போனவள் நான். அவனுடைய நல்ல சட்டையை முந்தைய நாளே அவன் வீட்டிலிருந்து எடுத்துவந்து தேய்த்து வைத்தேன். காரில் போகும்போது, "டாக்டர்கிட்ட புலம்பாதே. காசுக்கு நடிக்கிறோம்னு நினைச்சிடுவாரு. கேட்டதுக்கு மட்டும் மரியாதையா பதில் சொல்லு," என்றேன். அறை வாசலில் அவன் செருப்பைக் கழற்றினான். ஊன்றுகோலையும் செருப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்தான். குச்சி ஊன்றிக்கொண்டு டாக்டர் முன்னால் போவது அவனுக்கு மரியாதையாகப் படவில்லை. கதவிலிருந்து நாற்காலிக்கு ஐந்து அடி. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

இன்னும் வலிக்கிறதா என்று டாக்டர் மலாயில் கேட்டார், "சாக்கிட் லாகி?"

"சிக்கிட் சாஜா, டோக்டர். போலே தாஹான்," கொஞ்சம்தான், தாங்கிக்கொள்ளலாம் என்று தம்பி சிரித்தான்.

நன்றாகப் பேசிவிட்டான் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

வக்கீல் கோபப்படவில்லை. "நம்ம ஆளுங்க எல்லாரும் இதைத்தான்கா பண்றாங்க. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் ஓட்ட முடியாதுன்னு எழுதியிருக்காரு. கேஸ் நடந்தா ரெண்டு டாக்டரும் வருவாங்க. ஜட்ஜ் யாரை நம்புவாருன்னு சொல்ல முடியாது. வீட்ல பார்க்குறவங்க சாட்சி சொன்னா உதவும்." பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "காலையில எழுந்திரிக்கிறதுலேர்ந்து சொல்லுங்கண்ணே."

"என்னத்தைச் சொல்ல. படுத்து எழுந்தா இறுகிக்கும். கையைப் புடிச்சு யாராச்சும் தூக்கணும்."

"அண்ணி நைட் ஷிப்ட்ல இருந்தா?"

"வர வரைக்கும் படுத்திருப்பேன்."

"டாய்லெட்டுக்கு?"

"அடக்கிக்குவேன்," என்றான். அதன்பிறகு என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஞாயிறுதோறும் பத்து மணிக்கு நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். போகும்போதெல்லாம் அவன் தலை வாரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

"இதை கோர்ட்ல சொல்லணும்ணே."

"அதுக்கு, அவங்க குடுக்குறதையே வாங்கிட்டுப் போயிடலாம்," என்றான் தம்பி.

"வாங்கிட்டா அந்த எட்டு வருஷம் போச்சு. பின்னாடி திரும்பக் கேக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

திரும்பும் வழியில் டோல் சாவடியைத் தாண்டினோம். பிறகு நான் சொன்னேன்: "உன் வாயை மூட வச்சது நான்தான். அவ நைட் ஷிப்ட்ல இருக்கிற நாள்ல நான் வந்து பார்த்து எழுதுறேன். நீ சொல்ல வேணாம், நான் சொல்றேன்."

"வேடிக்கை பார்க்க டிக்கெட் போடலாம் போல," என்றான்.

வீட்டு வாசலில் இறங்கி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எழுதிக்க. ஆனா என்னைத் தொடாத."

அவன் மனைவியிடம் மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு அந்தச் சாவியால் கதவைத் திறந்தேன். அவன் விழித்திருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரத்தை எழுதினேன். ஆறு பத்துக்கு, "தூக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அவ வரட்டும்."

ஆறு ஐம்பதுக்கு மறுபடியும் கேட்டேன். போர்வைக்குள் அவன் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அதையும் எழுதினேன். தொழிற்சாலைப் பேருந்து தெருமுனையில் நின்றபோது மணி ஏழு முப்பத்து மூன்று. அவன் மனைவி தோள்பையைக்கூடக் கழற்றாமல் என்னைத் தாண்டி உள்ளே போய், அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள். ஏழு முப்பத்தாறு என்று எழுதினேன்.