நிற்க மறுத்த கட்டிங் மிஷின்

போன ஐப்பசி மழையில், பசுவந்தனைப் பக்கம் எங்கள் காட்டில் நடந்தது இது. கரிசல் நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்லுவோம். மழையை நம்பி மக்காச்சோளம் போட்டிருந்தோம். கிணறு ஒன்றும், அதன் ஓரத்தில் ஒரு மோட்டார் ரூமும் உண்டு. செங்கல் சுவர், தகரக் கதவு, பக்கச் சுவரில் கம்பி வைத்த சின்ன ஜன்னல். அவ்வளவுதான் ரூம்.

மழை பெய்தால் கரிசல் மண் உப்பும். வீடு, கோயில் என்று எதையும் பார்க்காமல் கதவு நிலையை இரண்டு பக்கமும் நெருக்கிவிடும். அதனால் மழைக் காலத்தில் மோட்டார் ரூம் கதவை நாங்கள் முழுசாகச் சாத்துவதே இல்லை. அடியில் ஒரு கல்லை வைத்து ஒருக்களித்து விட்டிருப்போம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் மழை வெறித்திருந்தது. பயிருக்கு யூரியா போட நானும் வீட்டுக்காரரும் போனோம். சேற்றில் செருப்பு கால் கிலோ மண்ணைச் சுமக்கும் என்பதால் வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தோம். அவர் வாய்க்காலை வெட்டிவிடப் போனார். நான் யூரியா மூடையைப் பிரிக்க ரூமுக்குள் போனேன். திடீரென்று காற்றோடு தூறல் வந்து மூடை மேல் சாரல் அடித்தது. யூரியாவில் ஈரம் பட்டால் கரைந்து வீணாய்ப் போகும். அந்தப் பதற்றத்தில் கல்லைக் காலால் தள்ளிவிட்டு, கதவைப் படாரென்று இழுத்துச் சாத்திவிட்டேன்.

தூறல் நின்றதும் தள்ளிப் பார்த்தேன். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ம்ஹும்.

சத்தம் போட்டதும் அவர் ஓடி வந்தார். வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார். பக்கத்துக் காட்டு அண்ணாச்சியும் கடப்பாரையோடு வந்துவிட்டார். ஆனால் நிலைக்கு மேலே சுவரில் விரல் போகிற அளவு ஒரு வெடிப்பு. வீட்டுக்காரர் கடப்பாரையை வாங்கி ஒரு நெம்பு நெம்பியதும் காரைத் துண்டு ஒன்று என் தலைப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"ஏய், நெம்பாதப்பா! செவரு உள்ள சாஞ்சா புள்ள கதி என்னாவும்?" என்று அண்ணாச்சி கடப்பாரையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டார்.

"பயப்படாதட்டி. வீட்டுக்குப் போயி கட்டிங் மிஷின எடுத்துட்டு வாரேன். கீல் ரெண்டையும் அறுத்தா கதவு கையோட வந்துரும்" என்றார் வீட்டுக்காரர். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

இரும்பை அறுக்கிற சக்கரம் வைத்த அந்தக் கை மிஷினைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோவில்பட்டியில் ஒரு மண்டபத்தில் வெளிநாட்டுச் சாமான் என்று குவித்துப் போட்டு விற்றபோது வாங்கியது. கம்பெனி மிஷின் விலையில் பாதிகூட இல்லை. வாங்கி வந்த அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பிள்ளை பிறந்த அன்றுதான் அதற்கு முன் பார்த்திருக்கிறேன். முதல் நாளே சக்கரத்து மூடி உரசியது. மூடியைக் கழற்றிப் பரண் மேல் போட்டார். சுவிட்சை விட்டாலும் சில சமயம் மிஷின் நிற்காது. பக்கத்தில் ஒரு தட்டு தட்டுவார், நின்றுவிடும். "இது என்னங்க கூத்து?" என்று கேட்டால், "புதுசுல்லா, பழகணும்" என்பார். மிஷின் அவருக்குப் பழகவில்லை, அவர்தான் மிஷினுக்குப் பழகிக்கொண்டிருந்தார். நானும் கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டேன்.

அவர் திரும்பி வந்து ஒயரை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். அந்தக் காட்டுக்கே ஒரே ஒரு பிளக், அது ரூமுக்குள் என் பக்கத்தில் இருந்தது. மிஷின் ஒயர் முனையில் இருந்த பின் நம் ஊர் பிளக் ஓட்டையில் லூசாக ஆடியது. எங்கள் பக்கம் இதற்கெல்லாம் தீக்குச்சிதான் வைத்தியம். ரூமில் கிடந்த பெட்டியிலிருந்து நாலைந்து குச்சியை எடுத்து இடுக்கில் சொருகி இறுக்கினேன். அந்தப் பிளக்குக்குச் சுவிட்ச் போய் ரொம்ப நாளாகிறது. நேரடியாக ஒயரை முறுக்கி விட்டிருந்தோம். மிஷின் உறுமியது.

ஜன்னல் பக்கச் சுவரில் இருந்ததால் கதவுக்கு வெளியே நடப்பது எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும்தான். இரும்பை அறுக்கும்போது கரகரவென்று கனமாகக் கேட்கும். கதவிடுக்கில் பொறி தெறித்தது. மேல் கீல் அறுந்து, கதவு ஒரு குலுங்கு குலுங்கியது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அப்புறம் கனமான சத்தம் மெலிந்து கீச்சென்று உயர்ந்தது. சக்கரத்தை வெளியே எடுத்துவிட்டார் என்று புரிந்தது. இனி நிற்க வேண்டும். நிற்கவில்லை. டப், டப் என்று அவர் தட்டுவது கேட்டது. அப்போதும் நிற்கவில்லை. திடீரென்று தகரத்தில் எதுவோ மோதிய சத்தம். அதோடு அவர் அலறினார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

"தாயி! கரண்ட்ட அமத்து! சாரத்தப் பிடிச்சு இழுக்கு!"

அண்ணாச்சியின் குரல். வீட்டுக்காரர் இடுப்பில் கட்டியிருந்த சாரம், லுங்கிதான், அதன் ஓரம் சக்கரத்தில் சிக்கிவிட்டது. மூடி இல்லாத சக்கரம் துணியைச் சுருட்டிக்கொண்டு தொடையைப் பார்த்து ஏறியிருக்கிறது. இரண்டு கையாலும் மிஷினைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சேற்றில் விழுந்து கிடந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு அவர்கள் சொல்லித் தெரிந்தது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அந்தக் கீச்சுச் சத்தமும் அதற்கு நடுவே அவர் முனகுவதும்தான்.

ஒயரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நான் சொருகிய குச்சிகள் அவ்வளவு இறுக்கம். வெளியே அண்ணாச்சியும் இழுத்திருக்கிறார் போல, ஒயர் ஜன்னல் கம்பியில் விண்ணென்று நின்றது. பின்னைக் கையால் பிடித்துப் பிடுங்கப் போனேன். சுரீரென்று முழங்கை வரைக்கும் ஷாக் அடித்தது. வெறுங்கால், கீழே சாரல் தண்ணீர். நான் விழுந்துவிட்டால் மிஷினை நிறுத்த யாரும் இல்லை என்ற நினைப்பு வந்ததும் கையை இழுத்துக்கொண்டேன்.

"அருவாளக் கீழ போடுங்க அண்ணாச்சி! ஒயர வெட்டாதீங்க! நீங்களும் செத்துருவீய!" என்று வெளியே அவர் கத்துகிறார். தொடையில் சக்கரம் ஏறிக்கொண்டிருக்கும்போதும் அடுத்தவர் உசிரைப் பற்றி நினைக்க அவரால்தான் முடியும்.

மெயின் சுவிட்ச் எதிர்ச் சுவரில் ஆள் உயரத்தில் இருந்தது. இரும்புப் பெட்டி. வெயில் காலத்திலேயே அதைத் தொட்டால் கரண்ட் சுள்ளென்று அடிக்கும். அந்த ஈரத்தில் தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். யூரியா மூடையை இழுத்து அதற்கு நேராகப் போட்டேன். நாற்பத்தைந்து கிலோ மூடை அது; எப்படி இழுத்தேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. ஈரத் தரையில் கால் படாமல் அதன் மேல் ஏறி நின்று, மூலையில் சாத்தியிருந்த காய்ந்த உடைமரக் கம்பை எடுத்தேன். மெயின் கைப்பிடியைப் பார்த்து ஓங்கி அடித்தேன். கம்பு வழுக்கிச் சுவரில் பட்டது. வெளியே அவர் முனகலும் நின்றுபோயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அடித்தேன். கைப்பிடி கீழே விழுந்தது.

பல்பு அணைந்தது. மிஷின் ஓலம் இழுத்து இழுத்து அடங்கியது.

அடங்கிய பிறகு எதுவுமே கேட்கவில்லை. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது. மூடை மேலேயே நின்றபடி, "ஏங்க" என்றேன். பதில் இல்லை. "ஏங்க!" என்று கத்தினேன். எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அந்தப் பதினாறு வருஷமும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"இருக்கேன்ட்டி" என்றது அவர் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "கத்தாத. இருக்கேன்."

மூடை மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

அண்ணாச்சி தன் துண்டால் தொடையை இறுக்கிக் கட்டினார். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவர் எவ்வளவோ சொல்லியும், "அவ உள்ள கெடக்கா, நான் எங்க போறது?" என்று இவர் நகரவே இல்லை. அண்ணாச்சி போன் போட்டு ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். மேல் கீல் அறுந்திருந்ததால் கதவின் மேல் முனையை வளைத்துப் பிடித்தார்கள். தகரம் முதுகில் கீற, அந்த இடுக்கு வழியாக நான் வெளியே வந்து விழுந்தேன். இவர் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாரம் கந்தல், தொடையெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும், "யூரியா நனையலயே?" என்றார். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

அவரை ஆட்டோவில் கோவில்பட்டிக்குக் கொண்டு போனோம். ஆழமான வெட்டு. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் பெரிய ரத்தக் குழாய் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தையல் பிரித்த பிறகு ஒரு நாள் இவரே கட்டிலில் உட்கார்ந்து அந்த மிஷினைப் பிரித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுவிட்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்திருந்தது. ஒயர் முனையைப் பற்றவைக்காமல் சும்மா முறுக்கி விட்டிருந்தார்கள். தரம் பார்த்தாயிற்று என்று இங்கிலீஷில் போட்ட பச்சை ஸ்டிக்கரை உரித்தால், அடியில் ஸ்க்ரூ இல்லாத ஓட்டை. ஓட்டையை மறைக்கத்தான் ஒட்டினார்களோ என்னவோ. கடல் கடந்து எங்கேயோ உட்கார்ந்திருந்த ஒரு ஆள், இதை ஒரு தரம் போட்டு அணைத்துப் பார்த்திருந்தால் போதும். அந்த ஆள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை ரொம்ப நேரம் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. அந்த ஆள் பார்க்காமல் விட்டார். நாங்கள் பார்த்தோம், தெரிந்துகொண்டோம், அதற்குப் பிறகும் மூடியைக் கழற்றினோம், தீக்குச்சி சொருகினோம்.

எந்தச் சுவருக்குப் பயந்து அந்த மிஷினைக் கொண்டு வந்தோமோ, அது வெடிப்போடு இன்னும் நிற்கிறது. இவரும் நன்றாக நடக்கிறார், மழை நாளில் மட்டும் கொஞ்சம் காலைச் சாய்ப்பார். ஊரில் எங்காவது கட்டிங் மிஷின் ஓடி நின்றால், அந்தச் சத்தம் அடங்கிய கையோடு என் வாய் தானாக "ஏங்க" என்று கூப்பிட்டுவிடுகிறது. அவர் பதில் சொல்லுகிறவரை எனக்கு மூச்சு வருவதில்லை.