கதவில் தொங்கிய சிவப்பு அட்டை

ஜனவரி: சிவப்பு 11
பிப்ரவரி: சிவப்பு 14
மார்ச்: சிவப்பு 9
ஏப்ரல் 1 முதல் 17 வரை: சிவப்பு 13
மொத்தம்: 47

என் மகளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பக்கத்துப் பற்களோடு நிறம் ஒத்துப்போகும்படி புதுப் பல்லைத் தேர்வது அவள் பொறுப்பு. பதினாறு வகை வெள்ளையையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்வாள். பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் தேர்ந்த பல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனால் தோழி போனை எடுக்காவிட்டால் அன்றே அவளுக்கு உலகம் இடிந்துவிடும். மறுநாள் அதே தோழி தெய்வம்.

முப்பத்து நான்காம் வயதில்தான் ஒரு மருத்துவர் அதற்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று பெயர் சொன்னார். காகிதத்தில் இரண்டு கோடுகள் வரைந்தார். மற்றவர்களின் மனநிலை சிறு மேடுகளாகப் போனது. அவளுடையது ஒரே நாளில் மூன்று மலை ஏறி இறங்கியது.

"இந்த உச்சியில நிக்கறப்ப இவங்களால வாயைத் திறந்து சொல்ல முடியாது. கதவுல கலர் அட்டையை மாட்டட்டும்" என்றார்.

பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் எதுவும் கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

முப்பத்தொரு ஆண்டுகள் அணைக்கட்டில் மழை அளந்து எழுதியவன் நான். கோடு எனக்கு உடனே புரிந்தது. அவள் அறைக்கதவில் சிவப்பு தொங்கும்போதெல்லாம் நேரத்தோடு குறித்தேன். கதவு சாத்தியிருந்ததால் தொந்தரவு செய்யவில்லை.

ஏப்ரல் 17 அன்று நோட்டை அவள் பார்த்துவிட்டாள்.

"எத்தனை தடவைப்பா உள்ள வந்து உட்கார்ந்தீங்க? அதையும் எழுதியிருப்பீங்களே."

அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

"ரெண்டு தடவைம்மா."

"நாப்பத்தேழுக்கு ரெண்டு. மழைக்காவது கீழ ஒரு பாத்திரம் வச்சீங்க."

நோட்டை மூடினேன். அந்த வாரமே கூடத்துக்கு அருகில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள்.

அதன்பின் மாதம் ஒரு கடிதம். உறைக்குள் ஓர் அட்டை மட்டும் இருக்கும். சிவப்பு வந்த இரண்டு முறையும் பேருந்து ஏறிப் போய் அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். முதல் முறை நாற்பது நிமிடம். இரண்டாம் முறை கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

கடைசிக் கடிதத்தில் அட்டை இல்லை. நான்கு வரி இருந்தது.

"அட்டை வந்து சேர ரெண்டு நாள் ஆகுது. அதுக்குள்ள மலை இறங்கிடுது. இனிமே கடுதாசி போட மாட்டேன், போன் பண்றேன். எடுங்கப்பா."

போனை அன்று முதல் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நோட்டில் புதிதாக எழுதியது ஒரே வரி.

கடைசிக் கடிதம் வந்தது: அக்டோபர் 9.