போனக்காட்டிலிருந்து இறங்கி வந்த ரோசம்மா

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மலைமேல் இருக்கும் போனக்காடு போய் வந்தோம். தேயிலைத் தோட்டத்தில் வேலை குறைந்து, பிள்ளைகளும் பிழைப்புக்கு வெளியேறிய பிறகு அங்கே தனியாகத் தங்கிவிட்ட சிலருக்காக, தோழி ஜெசியின் சபையார் கம்பளியும் கேக்கும் மளிகையும் சேர்த்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டுப் பண்டிகை இல்லை. ஜெசிக்குத் துணையாகத்தான் கிளம்பினேன்.

நகரத்தில் பழவங்காடியிலிருந்து காலை ஆறரைக்கு ஜெசியின் காரில் புறப்பட்டோம். வித்துரா சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கே புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு, சாமான்களை ஜீப்புக்கு மாற்றினோம். போக, வர மூவாயிரம் ரூபாய். மழையில் ரோடு உடைந்து நான்கு நாளாகப் பஸ் மேலே போகவில்லை என்று டிரைவர் ஷாஜி சொன்னார். வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டியதும் அது நன்றாகவே தெரிந்தது. இடுப்பு எலும்பு இன்னும் நினைவு வைத்திருக்கிறது.

தொழிலாளர் குடியிருப்புகளை அங்கே லயம் என்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்ன வீடுகள். பாதி பூட்டிக் கிடந்தன. கடைசி வீட்டில் ரோசம்மா. ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை. நான் நீட்டிய கம்பளியை அவர் பார்க்கவேயில்லை.

"அது இருக்கட்டும் மோளே. உன் போன்ல ரேஞ்ச் உண்டா?"

இல்லை. சிக்னலே காட்டவில்லை. அவருடைய ஒரே மகள் செல்வி, நாகர்கோவிலில் நிறைமாதம். ரோசம்மாவின் போன் தண்ணீரில் விழுந்து கெட்டுவிட்டது, பஸ்ஸும் இல்லை. "பிரசவம் ஆச்சா, இல்லியா? ஒண்ணும் அறியாம கிடக்கேன், கேட்டோ," என்றார்.

ஷாஜி ஜீப் கதவைத் திறந்தார். "சேச்சி கேறு. ரேஞ்ச் கிட்டுற இடம் வரைக்கும் போவாம்."

கீழே ஒரு வளைவில் இரண்டு கோடு சிக்னல் வந்தது. நம்பர் ரோசம்மாவுக்கு மனப்பாடம். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை செல்வியே எடுத்தாள், அம்மாவின் குரல் கேட்டதும் ஸ்பீக்கரில் வெடித்தாள்.

"எங்கம்மா போன நீ? எத்தனை வாட்டி விளிச்சேன்!"

"பிறந்தாச்சா மக்களே?"

"பொம்பளப் பிள்ள. முந்தாநேத்து. நீ எப்ப வாற?"

ரோசம்மா எங்களைப் பார்த்தார். ஜெசிதான் போனருகே குனிந்து, "இன்னைக்கே வாறாங்க!" என்று கத்தினாள்.

மறுபடி மேலே ஏறினோம். நாங்கள் மீதி வீடுகளுக்குக் கொடுத்து முடிப்பதற்குள் ரோசம்மா கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, நல்ல சேலை உடுத்தி, ஜீப்பருகே நின்றார். கம்பளி இப்போது கக்கத்தில் இருந்தது. "பிள்ளைக்குத் தணுக்கும் அல்லே?" என்றார்.

வித்துராவில் ஜீப்பை விட்டு இறங்கினோம். காரில் ஏறியதும் ரோசம்மா தானாகச் சிரிக்க ஆரம்பித்தார், அது எங்களையும் தொற்றிக்கொண்டது. மாலை நகரத்துக்கு வந்து, தம்பானூர் பஸ் நிலையத்தில் அவரை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னல் வழியாகக் கை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

மறுநாள் காலை செல்வியின் நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. எடுத்தால் குழந்தை அழுகிற சத்தம் மட்டும். பிறகு ரோசம்மா: "கேட்டியா மோளே?" சமையலறையில் நின்றபடி தலையை மட்டும் ஆட்டினேன், அவருக்குத் தெரியும் என்பதுபோல.

நீங்களும் போவதானால், வனத்துறை அனுமதியை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். மழைக்குப் பிறகு ஜீப்பே நல்லது. கொடுக்கப் போனதைக் கொடுப்பதற்கு முன், என்ன வேண்டும் என்று கேளுங்கள். திரும்பும் வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கட்டும். கீழே வர யாராவது காத்திருக்கலாம்.