மிதிக்காத கால்

செங்கமலம் பிறக்கும்போதே தலையை உள்ளே வைத்துக்கொண்டு காலை முதலில் நீட்டியவள். பெற்றவளுக்கு அது உயிர் போய் உயிர் வந்த கதை. மீன்சுருட்டி ஊர்க்காரர்களுக்கோ ஒரே கொண்டாட்டம். கால் முன்னே வரப் பிறந்தவர் முதுகில் மிதித்தால் எந்தப் பிடிப்பும் விட்டுப்போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஆகவே அவள் நடக்கப் பழகியதுமே ஊரார் முதுகெல்லாம் அவளுக்காகக் குப்புறப் படுத்துக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாசலில் கூட்டம் நிற்கும். களை வெட்டி இடுப்புப் பிடித்தவள், மூட்டை தூக்கி முதுகு பிடித்தவன், ஒரு தடவை ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த வாத்தியார் ஒருவர். இடுப்பில் கால் வைத்து மூன்று மிதி, அவ்வளவுதான் வைத்தியம். கூலி வாங்கினால் காலுக்கு வலிமை போய்விடுமாம். அப்படிச் சொல்லி வைத்தவன் எவனோ, கெட்டிக்காரன். மிதி வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு நிஜமாகவே லேசாகிவிடும். மீதிப் பேர் இல்லையென்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, லேசாயிருச்சு என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளைக் கட்டிக்கொண்ட ராசாங்கத்துக்குப் பெண்டாட்டியின் காலைப் பற்றி அத்தனை பெருமை. "எம் பொண்டாட்டிகிட்ட மிதி வாங்காத முதுவு இந்த ஊருல ஏது?" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வான். முரட்டு ஆள்தான், ஆனால் அவள் சோறு தின்றாளா என்று கேட்காமல் ஒரு நாளும் படுத்ததில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனி மாதம், புளி உலுக்க மரம் ஏறிய ராசாங்கம் கிளை முறிந்து விழுந்தான். விழுந்தவன் கையை ஊன்றி எழப் பார்த்தான். மேல் பாதி எழுந்தது, கீழ்ப் பாதி கூட வரவில்லை. பிடிப்புதான் என்று ஓடி வந்த கூட்டம் முடிவுகட்டி அவனைக் குப்புறப் புரட்டிப் போட்டது. முந்திரித் தோப்பில் வேலையாக இருந்த செங்கமலத்தை ஆள் விட்டுக் கூட்டி வந்தார்கள்.

ராசாங்கத்தின் அக்கா உண்ணாமலை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "மூணு மிதி மிதிடி, எந்திரிச்சிருவான்!"

செங்கமலம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது காலைப் புருஷனின் இடுப்புக்குக் கீழே மெல்ல வைத்தாள். கால் பட்டதுமே ஆட்கள் நெளிவார்கள், பல்லைக் கடிப்பார்கள், சிலர் கூச்சத்தில் சிரித்தே விடுவார்கள். அவளுக்கு அதெல்லாம் பழக்கம். ராசாங்கம் சும்மா கிடந்தான்.

"என்னா புள்ள நின்னுக்கிட்டே இருக்க? எப்ப மிதிக்கப் போற?" என்று கேட்டான்.

அவள் கால் அவன் மேலேதான் இருந்தது.

ஏன், என்ன என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. இது பிடிப்பு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. காலை எடுத்துக்கொண்டாள்.

"நான் மிதிக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

"ஊரானுக்கெல்லாம் மிதிச்ச காலு, கட்டுனவனுக்கு மட்டும் நோவுதாடி?" என்று உண்ணாமலை பாய்ந்தாள். ராசாங்கமே கெஞ்சினான். "மிதி புள்ள. ஒன் காலு பட்டா எந்திரிச்சிருவேன்." அவள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியில் பக்கத்து வீட்டு மாயவன் தன் வீட்டுக் கதவைக் கழற்றி வந்தான். ராசாங்கத்தைக் கதவோடு லாரியில் ஏற்றித் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் வேணுகோபால் ஒரு குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். தொடை வரைக்கும் ராசாங்கம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தான். இடுப்புக்கு வந்ததும் ஆ என்றான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு டாக்டர் இரண்டு பேருக்கும் பொறுமையாகச் சொன்னார்.

"மண்டைக்குள்ள மூளை இருக்குல்ல, அதுலேருந்து வால் மாதிரி ஒரு தண்டு முதுகெலும்புக்குள்ள எறங்குது. சுண்டு விரல் தடிமன்தான். மூளை நடன்னு சொன்னா அந்த வழியாத்தான் காலுக்குப் போவணும். காலுல முள்ளு குத்துனா அந்த வழியாத்தான் மூளைக்குத் தெரியணும். ரொம்ப மெத்துன்னு இருக்கும். அதான் சுத்தி வளையம் வளையமா எலும்பு வெச்சிருக்கு. இவருக்கு ஒரு எலும்பு நொறுங்கி உள்ள தண்ட நசுக்கிடுச்சு."

"கையி நல்லா இருக்கே சார்?" என்றாள் செங்கமலம்.

"கைக்குப் போற நரம்பெல்லாம் மேல கழுத்துகிட்டயே பிரிஞ்சு போயிடும்மா. அடிபட்டது கீழ."

"எலும்பு கூடுற மாதிரி அதுவும் கூடிருமா சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எலும்பு கூடும். தண்டு கூடாதும்மா." பிறகு, "யாரும் மிதிக்கலையே?" என்று கேட்டார்.

"காலு வெச்சேன் சார். அழுத்தல." அந்தக் கால் வைத்ததுதான் கெடுத்துவிட்டதோ என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"அதனால ஒண்ணும் ஆகல. விழுந்தப்பவே ஆனது. அழுத்தாம விட்டியே, அது நல்லது."

அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் ராசாங்கத்தின் காதில் இது எதுவும் ஏறவில்லை. அவன் கண்ணால் பார்த்தது எழுந்து நடந்து போன முதுகுகளைத்தான். எலும்புக்குள் இருக்கும் வாலை யார் பார்த்தது? "மிதிச்சிருந்தா எந்திரிச்சிருப்பேன்" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். படுக்கைப்புண் வராமலிருக்க ராத்திரியும் பகலும் அவனைப் புரட்டிப் படுக்க வைத்தாள். குளிப்பாட்டினாள், மலம் மூத்திரம் அள்ளினாள், எண்ணெய் தேய்த்தாள். அவன் ஏசவில்லை, அடிக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. சாப்பிட்டாயா என்ற கேள்வி நின்றுபோயிற்று. ஏசியிருந்தால்கூட அவள் பதிலுக்கு நாலு வார்த்தை ஏசி ஆறியிருப்பாள்.

ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "காலு பட்டதே தெரியாம எப்ப மிதிக்கப் போறன்னு கேட்ட மாமா. பயந்துட்டேன்."

"பயந்தா என்னா? மிதிச்சிருக்கலாமுல்ல."

அத்தோடு அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களையும் டாக்டரிடம் போகச் சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

மெல்ல மெல்ல ராசாங்கம் உட்காரப் பழகினான். கை சும்மா இருக்குமா? முந்திரிக்கொட்டை உடைத்தான், காய் நறுக்கிக் கொடுத்தான். அவன் விழுந்த பிறகு இரண்டாவது பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாளுக்கு, ஊரில் ஆடு அறுத்தார்கள். இடுப்பு விழுந்தவனுக்கு ஆட்டு முதுகெலும்புதான் மருந்து என்று உண்ணாமலை அதையே கேட்டு வாங்கி முழுசாகக் கொடுத்தனுப்பினாள். செங்கமலம் அம்மியில் மிளகு அரைக்க உட்கார்ந்தாள். ராசாங்கம் அரிவாளால் எலும்பைக் கணுக்கணுவாக வெட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து வெட்டும் சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

எலும்பு வளையத்துக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு கயிற்றை அவன் உருவி எடுத்திருந்தான். எத்தனை வருஷமாக எலும்பைக் கடித்திருக்கிறான், ஒரு நாளும் அதைப் பார்க்கத் தோன்றியதில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் லேசாகத் தொட்டான். அழுத்தக்கூட இல்லை. அது வெண்ணெய் போல நசுங்கிப் போயிற்று.

"இங்க வா புள்ள."

அம்மியை விட்டு எழுந்து வந்தாள்.

"அந்த டாக்டரு சொன்னாரே, இதானா அது?"

"தெரியல மாமா. மெத்துன்னு இருக்கும்னுதான் சொன்னாரு."

அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து, ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்குப் பிறகு, அவள் முகத்தைப் பார்த்தான்.

"இது மேலயா ஒன்ன மிதிக்கச் சொன்னேன்?"

அவள் மிளகுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் கத்தறோம். நானும் கெஞ்சுறேன். ஒன் காலு கீழ நான் கெடக்கறேன், எனக்கே தெரியல." அவன் உதடு கோணிக்கொண்டது. "ஒத்தையில நின்னு எம்மாம் பயந்திருப்ப."

மரத்தடியில் அழாதவள், ஆஸ்பத்திரியில் அழாதவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அவன் மடியில் முகத்தைப் போட்டு அழுதாள். அவள் கண்ணீர் பட்டது அவன் தொடைக்குத் தெரியவில்லை. குலுங்கும் தலையைப் பார்த்துத்தான் அவன் கையை வைத்துத் தடவிக் கொடுத்தான்.