முட்டிக்குள் நின்ற மடிப்பு

அனுமந்தன்பட்டி வீரணன் நாற்பது வயதுவரை திராட்சைப் பெட்டி சுமந்தவர். பிறகுதான் ஒரு மருத்துவக் கல்லூரியில், உடற்கூறு அறையில் வேலை கிடைத்தது. அனாதைப் பிணங்களுக்கு, அழுகாமல் இருக்க மருந்தேற்றுவார். மாணவர்கள் அறுத்துப் படிக்க மேசையில் கிடத்துவார். பிணம் வந்ததும் முகத்தைத் துணியால் சுற்றிவிடுவார். முகத்தைப் பார்த்தால் அவருக்குக் கை ஓடாது.

2007 ஆடியில் ஒருநாள், காலை வகுப்புக்காக ஒரு உடலின் விறைத்த வலது காலை மடக்கினார். ‘டக்’ என்றது. நீட்டி மறுபடி மடக்கினார். ‘டக்.’

வீரணனுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. தள்ளி நின்றுகொண்டார்.

வகுப்பில் பேராசிரியை கிருபாவதி முட்டியை அறுத்துத் திறந்து மூட்டுச் சில்லைப் புரட்டினார். உள்பக்கத்தில், மூட்டின் மெல்லிய சவ்வு மடிந்து, வெளுத்த நாடாபோல் தடித்து நின்றது.

“கருவுல இருக்கையில முட்டிக்குள்ள தடுப்பு இருக்கும். பொறக்குறதுக்குள்ள கரைஞ்சிரும். சில பேருக்கு மிச்சம் நின்னுரும். அநேகமா ஒண்ணும் செய்யாது. இவருக்குத் தடிச்சுப்போயி எலும்புல ஒரசியிருக்கு பாருங்க, குருத்தெலும்பே தேஞ்சிருக்கு.”

“மேடம், இந்த ஆளு நடந்தா சத்தம் வருமா?” என்றார் வீரணன்.

“வந்திருக்கும். ஏன் வீரணன்?”

“பதினஞ்சு வருசம் கூடவே நடந்து கேட்டிருக்கேன் மேடம்.”

முகத்துத் துணியை அவிழ்த்தார். மருந்தில் ஊறி உப்பிக் கறுத்த முகம் யாருடையதோபோல் இருந்தது. ஆனால் இடது காது, அவருக்குத் தெரிந்த அதே அறுந்த காது. கூடவே பெட்டி சுமந்த கர்ணன். குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கென்று போனவன், எட்டு மாதமாகத் தகவல் இல்லை. ஏதோ பஸ் ஸ்டாண்டில் விழுந்து செத்து, அனாதைப் பிணமாக வந்திருக்கிறான். மருந்தேற்றியது வீரணனின் கைதான்.

கர்ணனின் மனைவி அக்கம்மாள், புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்று தெருவில் நின்று வைதுகொண்டிருந்தவள். வீரணன் போய்ச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இத்தன மாசமும் உங்க பக்கத்துலயா அண்ணே கெடந்தாக?”



போலீஸ் காகிதமெல்லாம் முடிந்து உடல் ஊருக்கு வரப் பன்னிரண்டு நாளானது. மருந்து நெடியில் பாடை தூக்கியவர்களுக்குக் கண்ணெரிந்து தண்ணீர் கொட்டியது. கர்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளும் அழுதபடியே நடந்தார்கள். அக்கம்மாள் மட்டும் அழவில்லை. தைத்திருந்த முட்டிமேல் கைவைத்தாள். அது கல்லாகச் சில்லிட்டிருந்தது.

மறுமாதமே வீரணன் கேட் காவலுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.