மூன்று ஷிப்டுக்கும் ஒரே பேய்

வீடியோ கேம் கடை வைத்தவன் வாடிக்கையாளர் ஆசைக்குத்தான் டிஸ்க் வாங்க வேண்டும், தன் ஆசைக்கு வாங்கினால் கடை போண்டி. கும்மிடிப்பூண்டியில் ஒரு வருஷம் கடை ஓட்டிய பிறகு எனக்கு வந்த ஞானம் இது. நீங்களும் ஏதாவது கடை வைத்து நொந்தவராக இருந்தால் மேலே படியுங்கள், மனசு கொஞ்சம் ஆறும்.

கிரிக்கெட் வாங்கப் போனவன்

தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு ரூம், ஒரு டி.வி., ஒரு செகண்ட் ஹேண்ட் கேம் மெஷின். இவ்வளவுதான் என் கடை. இரும்பு உருக்குகிற ஃபவுண்டரியின் தூசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்து, அந்த வேலையை விட்டுவிட்டுப் போட்ட கடை இது. என் மனைவி சுமதி கெடு வைத்திருந்தாள். பொங்கலுக்குள் கடை தேறவில்லை என்றால் பழையபடி ஃபவுண்டரி. அந்தக் கரித்தூசியை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். நிஜமாகவே பயந்துபோய் இருந்தேன்.

கடைக்குச் சோறு போட்டது கிரிக்கெட் டிஸ்க். இரண்டிரண்டு பேராக வந்து ஆடுவார்கள். அது கீறல் விழுந்து நின்றுபோனதும், புதுசு வாங்க ரயிலேறிச் சென்னை பர்மா பஜார் போனேன். கிரிக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு டிஸ்க் இருந்தது. அட்டையில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருத்தன், கையில் ஆள் உயரக் கத்தி, பின்னால் இடிந்த கோட்டை, சுற்றிலும் பேய்கள். என்ன புத்தியோ, கிரிக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அதை ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் ஆட முடியும். சுமதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேய் புடிச்சா வேப்பல அடிச்சி எறக்குவாங்க. நீ டப்பு குடுத்து வாங்கியாந்துக்கிறியே!"

கறுப்புப் போர்வை

ஆட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். கோட்டுக்காரன் பாதி மனுஷன், பாதி பேய். அவன் அண்ணனின் ஆவியை ஒரு பெரிய பேய் உருவிக்கொண்டு போகிறது, அதைத் தேடி இவன் கோட்டைக்குள் இறங்குகிறான். இதெல்லாம் ஆரம்பத்தில் படமாக ஓடும். கத்தி சுழல்கிற வேகமும், அடிபட்ட பேய் புகையாகக் கலைவதும் பார்க்க ஜோராக இருக்கும். ஒரே கஷ்டம், கோட்டைக்குள் சூரியனே கிடையாது. பகல் வெளிச்சத்தில் டி.வி.யில் என் மூஞ்சிதான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் வாசலில் ஒரு கறுப்புப் போர்வையை மாட்டினேன்.

உடனே கட்டிடச் சொந்தக்காரர் பாய் வந்துவிட்டார். பழவேற்காட்டில் மளிகை மொத்த வியாபாரம் அவருக்கு. நான் திரை போட்டுக் கெட்ட படம் ஓட்டுவதாக யாரோ வத்தி வைத்திருந்தார்கள். காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருந்தார். கெஞ்சி உட்கார வைத்து ஆட்டத்தை ஆடிக் காட்டினேன். கொடுத்த டீயைக் குடிக்க மறந்து பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "இத்தினி பேயோட ஒண்டியா மல்லுக்கட்றான், ஒரு வாய் நாஷ்டா துன்னக் காணோம். இவன் கெட்டவன் இல்லப்பா. நீ கடைய நடத்து."

ஒப்படைப்பு

ஒருத்தர் ஆட, மற்றவர் பார்க்கிற ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று கவலைப்பட்டேன். வந்தார்கள். காலை ஷிப்டு முடித்து மத்தியானம் வருகிற ஆரம்பாக்கம் முனுசாமிதான் ஆட்டத்தைத் தொடங்கியவர். அந்த ஆட்டத்தில் விட்ட இடத்தைச் சேமிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. அவர் சேமித்துவிட்டு எழுந்தால், நைட் ஷிப்டுக்குப் போகும் முன் தடாவிலிருந்து வருகிற வெங்கடேசு அங்கிருந்தே தொடர்வார். மறுநாள் காலையில் மத்தியான ஷிப்டுக்காரர்கள் வருவார்கள். நான் யாருக்கும் சொல்லித் தரவில்லை. ஒரே மெஷினை மூன்று ஷிப்டாக ஓட்டிப் பழகிய ஜனம், அதுவாக அமைந்துவிட்டது. சுற்றி உட்கார்ந்து பார்க்கவும் கூட்டம் சேர்ந்தது.

முனுசாமி ஒப்படைக்காமல் போக மாட்டார். "சாவி எடுத்தாச்சி. கெணத்தாண்ட ரெண்டு தல நாயி நிக்கிது, நேரா போவாத, சைடு வாங்கி அடி. உயிரு கம்மியா கீது, பாத்துக்கோ" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். இருவரும் ஒரே கம்பெனிதான். அவர் தலை மறைந்ததும் வெங்கடேசு என்னிடம் பொருமுவார். "கம்பெனில சூப்பர்வைசர் கத்தினாகூட மெஷின ஒப்படைக்கிறப்ப இந்தாளு வாய தொறக்க மாட்டாரு. பேய்க்கு மட்டும் இன்னா அக்கற பாரு நைனா!"

எடை மேடைக்காரர்

மார்கழியில் ஆட்டம் கோட்டை உச்சிக்கு வந்துவிட்டது. பெரிய பேய் ஒன்றுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி அதை முடிப்பது என்று பேச்சு. சனிக்கிழமை, லாரி எடை மேடையில் வேலை பார்க்கிற சம்பத்து என்பவர் முதல் தடவையாகக் கடைக்கு வந்தார். அவரை உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கோட்டுக்காரன் கோட்டை வாசலில், கையில் ஒரு சின்னக் கத்தியோடு நிற்கிறான். மனுஷர் முதலிலிருந்து ஆரம்பித்து, அதைச் சேமித்தும் விட்டார். மூன்று ஷிப்டின் உழைப்பும் போச்சு.

என்னய்யா பண்ணினே என்று கத்தியேவிட்டேன். சம்பத்து அசரவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்த நிம்மதிதான் அவர் முகத்தில் இருந்தது. "யாரோ ஏத்தின லோடு அப்டியே இருந்திச்சி சார். ஜீரோ பண்ணாம எப்டி சார் அடுத்த லோடு ஏத்துறது?"

ஞாயிற்றுக்கிழமை

விஷயத்தைக் கேட்டு சுமதி திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் ஃபவுண்டரியில் நான் மூக்கில் கட்டிக்கொண்டிருந்த பழைய டவலைத் தேடி எடுத்துத் துவைத்துப் போட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் கடை நிரம்பிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். முனுசாமிக்குக் கண் சிவந்தது. பாதிப் பேர் செருப்பைத் தேடினார்கள். இவர்கள் வாசலைத் தாண்டினால் என் கடை அத்தோடு சரி. வெங்கடேசு மட்டும் கடுப்போடு ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குகிற பொத்தானை அழுத்தினார். ஆரம்பப் படம் ஓடியது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடந்து வருகிறார்கள், பெரிய பேய் அண்ணனின் ஆவியை உருவுகிறது, தம்பி கதறுகிறான். செருப்பு மாட்டியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே இருந்தவர்களில் என்னைத் தவிர ஆரம்பத்தைப் பார்த்தவர் முனுசாமி ஒருத்தர்தான், மற்ற எல்லாரும் நடுவில் வந்து சேர்ந்தவர்கள். வெங்கடேசு திரும்பி எல்லாரையும் பார்த்தார். "அது இவனோட அண்ணனா? இது தெரியாம இத்தினி நாளா கூலிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிக்கினு இருந்தேனே! யாரும் போவாதீங்கபா, மொதல்லேர்ந்து அடிப்போம்."

பொங்கல் போய்ச் சித்திரை பிறந்தும் என் கடை திறந்திருந்தது என்றால், அந்தப் பெரிய பேய் இன்னும் சாகவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.